எழுத்தும் பொருளும்

எவர் வீட்டிலும் தாய்மொழியாகப் பேசப்படாத ஒரு மொழியை எட்டு வயதுக் குழந்தைக்கு நாள்தோறும் கற்பிப்பது அறமாகுமா? அம்மொழியால் பிற்காலத்தில் பொருள் வரவு உண்டு என்று உறுதி கூறுவதற்கில்லை. கடைவீதியில் அதைப் பேசுவாரும் இல்லை. குழந்தையோ தனக்கு அது வேண்டும் என்று கேட்கவில்லை. முன்னோர்பால் தாம் கொண்ட பற்றினால் மட்டும் பெற்றோர் அச்சுமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றலாமா?

இவ்வினா நமக்குப் புதியதன்று. நமோகார மந்திரத்தைப் பிராகிருதத்தில் ஓதக் கற்பிக்கும் ஒவ்வொரு தாயும், உணர்ந்தோ உணராமலோ, இதற்கு ஒரு விடை கூறிவிட்டாள். ஆயினும் நம் வழக்கத்தை நாமே ஆராயும்போது பற்றும் பழக்கமும் கண்ணை மறைக்கும். ஆதலின் வேறு சமயத்தார் வேறு நாட்டில் இதே வினாவை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதை முதலில் நோக்கி, பின்னர் நம்மிடம் திரும்புவோம்.

அமெரிக்காவில் இலத்தீன் பள்ளிகள்

அமெரிக்க நாட்டின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்னும் நகரம் உள்ளது. அங்கே 2000ஆம் ஆண்டில் செரில் லோ என்னும் ஆசிரியை 'ஹைலண்ட்ஸ் இலத்தீன் பள்ளி' என்ற தனியார் கிறிஸ்தவப் பள்ளியை நிறுவினார். பெயரிலேயே மொழியைத் தாங்கிய அப்பள்ளியில், தொடக்க வகுப்புகளிலேயே இலத்தீன் பாடம் ஆரம்பமாகிவிடுகிறது. இதற்கு முன்பே, 1981ஆம் ஆண்டில், ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்ற பெயருடைய சிற்றூரில் டக்ளஸ் வில்சன் என்னும் சமய போதகரும் மற்றும் சிலரும் 'லோகோஸ்' என்ற பள்ளியைத் தொடங்கியிருந்தனர். 1991ஆம் ஆண்டில் வில்சன் எழுதிய நூல் பலருக்கு ஊக்கம் தரவே, இவ்வகைப் பள்ளிகள் அந்நாட்டில் பலவிடங்களிலும் தோன்றின.

இவர்கள் அனைவருக்கும் வழிகாட்டியாக அமைந்தது ஒரு சொற்பொழிவு. துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற டாரதி சேயர்ஸ் என்னும் ஆங்கில அம்மையார் 1947ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் அதை நிகழ்த்தினார். இடைக்கால ஐரோப்பாவின் கல்வி இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்னும் மூன்று படிகளை உடையது. குழந்தையின் வளர்ச்சியும் இம்மூன்றையே ஒத்து நடக்கிறது என்றார் அவர். கேட்டதைத் திரும்பச் சொல்லி மகிழும் இளம்பருவத்தைக் கிளியின் பெயரிட்டே அழைத்தார். அப்பருவத்தில் மனப்பாடம் சுமையன்று, விளையாட்டேயாம். எதிர்வாதம் செய்யத் துடிக்கும் அடுத்த பருவத்தில் தருக்கம் கற்பிக்க வேண்டும். உள்ளத்தை வெளியிட விழையும் மூன்றாம் பருவத்தில் சொல்வன்மை பயிற்ற வேண்டும். முதற்படிக்கு ஏற்ற மொழி இலத்தீனே என்பது அவர் கருத்து.

ஆகவே இப்பள்ளிச் சிறுவர்கள் பெயர்ச்சொல்லின் வேற்றுமை வடிவங்களையும் வினைச்சொல்லின் விகுதிகளையும் ஒரே குரலில் ஓதுகின்றனர். 'ஆமோ, ஆமாஸ், ஆமாட்' என்றால் 'நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான்' என்பது பொருள். நம் பிள்ளைகளுக்கு விகுதியால் இடம் உணர்வது பேச்சோடு வந்த பழக்கம். ஆங்கிலமோ தன் வேற்றுமை உருபுகளையும் வினை விகுதிகளையும் பெரும்பாலும் இழந்துவிட்ட மொழி. அம்மொழிப் பிள்ளைக்குச் சொல்லின் உடலுக்குள்ளேயே இலக்கணம் உறையக்கூடும் என்பது இலத்தீன் வழியாகத்தான் தெரிய வருகிறது.

பொதுமொழியே புனிதமொழி ஆனது

இங்கே வியப்பிற்குரிய செய்தி ஒன்று உண்டு. இலத்தீன் கிறிஸ்தவ மறையின் மூலமொழியன்று. விவிலியத்தின் பழைய ஏற்பாடு பெரும்பான்மை எபிரேயத்திலும் சிறுபான்மை அரமேயத்திலும், புதிய ஏற்பாடு கிரேக்கத்திலும் இயற்றப்பட்டவை. மேற்குப் பகுதி மக்களுக்கு அம்மொழிகள் விளங்காமையால், நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் என்னும் துறவி, 382ஆம் ஆண்டில் உரோமைத் திருச்சபைத் தலைவர் இட்ட பணியில் தொடங்கி, விவிலியத்தை இலத்தீனில் ஆக்கினார். பிற்காலத்தில் அதற்கு வழங்கிய 'வுல்காத்தா' என்னும் பெயருக்கே 'பொதுமக்களுக்குரியது' என்பதுதான் பொருள்.

அன்று புதுமையாக இருந்த அம்மொழிபெயர்ப்பை மக்கள் உடனே ஏற்றுக்கொண்டனரா என்றால், இல்லை. ஆப்பிரிக்கக் கரையில் ஓர் ஊரில், ஒரு கதையில் வரும் செடியின் பெயரைச் சுரைக்கொடி என்பதிலிருந்து வேறொரு கொடியாக ஜெரோம் மாற்றியமை கேட்டுச் சபையோர் கொதித்தெழுந்தனர் என்று அகஸ்தீன் என்னும் பெரியார் அவருக்கே கடிதம் எழுதியுள்ளார். ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. பொதுமக்களுக்காக எழுந்த இலத்தீன் விவிலியம் பொதுமக்களுக்கு விளங்காத புனித நூலாயிற்று. அதை மக்கள் மொழியில் பெயர்த்தல் பெரும் பூசலுக்குரிய செயலாயிற்று. ஆங்கிலத்தில் விவிலியத்தைப் பெயர்த்த வில்லியம் டிண்டேல் மதத்துரோகி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு 1536ஆம் ஆண்டில் கொல்லப்பட்டார். கத்தோலிக்கத் திருச்சபை வழிபாட்டில் மக்கள் மொழிகளுக்குப் பரவலாக இடமளித்தது 1963ஆம் ஆண்டின் சங்கத் தீர்மானத்திற்குப் பிறகேயாம். இன்று இலத்தீனைப் போற்றும் இப்பள்ளிகளுள் பலவோ புராட்டஸ்டண்ட் மரபினரால் நடத்தப்படுபவை. இலத்தீனைக் கோயிலிலிருந்து விலக்கியவர்களின் வழித்தோன்றல்களே அதைப் பள்ளியில் அமர்த்தியிருக்கின்றனர்.

இதைக் கேட்டு நாம் புன்னகை செய்வதற்கு முன் நம் வரலாற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பகவான் மகாவீரரின் திவ்வியத்தொனி அர்த்தமாகதியாக வெளிப்பட்டு, சமவசரணத்தில் கூடிய உயிர்கள் அனைத்திற்கும் அவ்வவற்றின் மொழியிலேயே விளங்கிற்று என்பது நம் ஆகமக் கொள்கை. நம் ஆச்சாரியர்கள் பிராகிருதத்தில் எழுதியதும் அது மக்கள் பேச்சோடு ஒட்டிய மொழி என்பதனாலேயே. தமிழகத்துப் பொன்னூர் மலையோடு நம் மரபு இணைத்துப் போற்றும் குந்தகுந்தாச்சாரியர் சமயசாரத்தையும் பிரவசனசாரத்தையும் அம்மொழியிலேயே அருளினார். எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்று கொண்ட மொழி இன்று நம்மில் மிகச் சிலருக்கே விளங்குகிறது. உரோமைக்கு நேர்ந்தது நமக்கும் நேர்ந்திருக்கிறது.

பயன் கூறுவாரும் மறுப்பாரும்

இலத்தீன் கல்விக்கு ஆதரவாகக் கூறப்படும் காரணங்கள் மூன்று. ஆங்கிலச் சொற்களில் பாதிக்கும் மேற்பட்டவை நேராகவோ பிரெஞ்சு வழியாகவோ இலத்தீனிலிருந்து வந்தவை. ஆதலின் சொல்லறிவு பெருகும் என்பது முதலாவது. அறிவு கூர்மை பெறும் என்பது இரண்டாவது. முன்னோரின் எண்ணங்களை இடையில் நிற்பார் துணையின்றிக் கற்கலாம் என்பது மூன்றாவது.

முதலாவது உண்மையே, ஆயின் சொற்களின் வேரைத் தனியே கற்பித்தாலும் அப்பயன் ஓரளவு கிட்டும். இரண்டாவதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1924ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரிய ஆய்வு அசைத்துவிட்டது. இலத்தீன் முதலிய எந்த ஒரு பாடமும் பொதுவான சிந்தனைத் திறனைத் தனிச்சிறப்பாக வளர்த்ததாக அவர் காணவில்லை. கூர்மதியுடைய மாணவர்கள் அப்பாடத்தைத் தேர்ந்தெடுத்தமையால், பாடமே அவர்களைக் கூர்மதியினர் ஆக்கியது போலத் தோன்றிற்று என்பதே அவர் காட்டிய விளக்கம். எஞ்சி நிற்பது மூன்றாவது காரணம். அது பயனைப் பற்றியதன்று, கடமையைப் பற்றியது. எனவே வழக்கு அறத்தின் மன்றத்திற்கே வந்து சேர்கிறது.

அம்மன்றத்தில் முதல் தடை எழுகிறது. இலத்தீன் பயிலும் மாணவன் சில ஆண்டுகளில் படிக்கும் நூல்களுள் ஒன்று, ஜூலியஸ் சீசர் தாம் கால் நாட்டில் நடத்திய போரைத் தாமே எழுதியது. அப்போர்களில் பத்து இலட்சம் பேர் கொல்லப்பட்டனர், பத்து இலட்சம் பேர் சிறைப்பட்டனர் என்று புளூட்டார்க் என்னும் பழைய வரலாற்றாசிரியர் கூறுகிறார். தொகை மிகையாயினும் ஆகுக. நடை தெளிவாக உள்ளது என்பதற்காகக் கொலையின் கணக்கைக் குழந்தைக்குப் பாடமாக்கலாமா? அன்பே கடவுள் என்னும் சமயத்தார்க்கு இது பொருந்துமா?

இத்தடையைக் கிறிஸ்தவர்களே நெடுங்காலத்திற்கு முன் எழுப்பினர். ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன உறவு என்னும் பொருள்படத் தெர்த்துல்லியன் வினவினார். இறைவனின் தீர்ப்பு மன்றத்தில், தாம் கிறிஸ்துவின் அடியாரல்லர், நாவலர் சிசெரோவின் அடியாரே எனக் கடிந்துரைக்கப்பட்டதாக ஜெரோம் கனவு கண்டார். ஏட்டில் வரும் ஓர் அரசியின் சாவுக்காகக் கண்ணீர் வடித்த தாம் தம் உயிரின் கேட்டிற்காக அழவில்லையே என்று அகஸ்தீன் தம் இளமையை நினைந்து வருந்தினார். நான்காம் நூற்றாண்டுத் துறவி பாசில் ஒரு நடுவழி காட்டினார்: தேனீ எல்லா மலர்களிலும் அமர்வதில்லை, அமர்ந்த மலரையும் முழுதாகக் கொண்டு செல்வதில்லை, இளைஞரும் பிற சமய நூல்களை அவ்வாறே பயில வேண்டும் என்பது அவர் அறிவுரை.

நம் முன்னோரும் இந்நடுவழியை அறிந்தவர்களே. சீவக சிந்தாமணியில் போரும் உண்டு, இன்பச் சுவையும் நிரம்ப உண்டு. ஆயினும் திருத்தக்கதேவர் கதையைத் துறவில் கொண்டு நிறுத்தினார். நூல் எங்கே தொடங்குகிறது என்பதைவிட எங்கே முடிகிறது என்பதும், எவர் உடனிருந்து கற்பிக்கிறார் என்பதும் பெரியவை. சீசரின் நூலைப் படிப்பிக்கும் ஆசிரியர், வென்றவனின் கணக்கில் விடுபட்டவர் யாவர் என்று ஒரு வினா எழுப்புவாராயின், அதுவும் அகிம்சைப் பாடமாகக் கூடும். எழுப்பாது விடுவாராயின், பழமை என்னும் பட்டு கொலையைப் போர்த்துவிடும்.

இரண்டாம் தடை கட்டணம் பற்றியது. இவை தனியார் பள்ளிகள். பொருள் உள்ளவர்க்கே எளிதில் வாயில் திறப்பவை. அதே அமெரிக்காவில் 1635ஆம் ஆண்டில் தோன்றிய பாஸ்டன் இலத்தீன் பள்ளி இன்றும் அரசு சார்ந்த பொதுப்பள்ளியாகவே விளங்குகிறது என்பது நோக்கத்தக்கது. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகைத் தானம் கூறும் நமக்கு, ஞானம் விலைப்பொருளாவது உறுத்தத்தான் செய்யும். ஆசிரியருக்கு ஊதியம் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் பழமொழிப் பயிற்சி ஒரு குடும்பத்தின் பெருமிதச் சின்னமாக மாறுமாயின், அது மானம் என்னும் கஷாயத்தைக் கொழுக்க வைக்குமேயன்றி ஞானத்தை வளர்க்காது. லூயிவில் பள்ளியின் பாடநூல்கள் அச்சாகி, வீட்டிலேயே பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெற்றோருக்கும் கிடைக்கின்றன. வேலிக்கு அவர்களே இட்ட ஒரு வாயில் அது எனலாம்.

நம் ஆகமம் தரும் அளவுகோல்

இனி இவ்வழக்கிற்கு நம் சாத்திரம் கூறும் தீர்வைக் காண்போம். ஞானாசாரம் எட்டு வகைப்படும் என மூலாசாரம் கூறுகிறது. அவற்றுள் மூன்று இங்கே நேராகப் பொருந்துவன: வியஞ்சன சுத்தி, அர்த்த சுத்தி, உபய சுத்தி. எழுத்தும் ஒலியும் பிழையாமை முதலாவது. பொருள் பிழையாமை இரண்டாவது. இரண்டும் ஒருங்கே பிழையாமை மூன்றாவது. முதல் இரண்டையும் கூறிய பின்னும் மூன்றாவதைத் தனியே வைத்தது கருதத்தக்கது. எழுத்து ஒருவரிடமும் பொருள் வேறொருவரிடமும் பிரிந்து கிடந்தால் ஞானாசாரம் நிறைவு பெறாது.

இதை விளக்கும் வரலாறு தவளா உரையில் உள்ளது. ஆகம அறிவு அழிந்துவிடுமோ என்று அஞ்சிய தரசேனாச்சாரியர், கிரிநகரில் தங்கியிருந்தபோது, தெற்கிலிருந்து இரு முனிவர்களை வரவழைத்தார். அவர்களே புஷ்பதந்தரும் பூதபலியும் ஆவர். அவர்களைச் சோதிக்க எண்ணிய ஆச்சாரியர் ஒருவருக்கு ஓரெழுத்து மிகுந்த மந்திரத்தையும், மற்றவருக்கு ஓரெழுத்துக் குறைந்த மந்திரத்தையும் கொடுத்தார். ஓதியபோது பல் நீண்ட ஒரு தேவதையும் ஒற்றைக் கண்ணுடைய ஒரு தேவதையும் தோன்றினர். தேவதைகளுக்கு உறுப்புக்குறை இயல்பன்று என்று உணர்ந்த முனிவர்கள், மந்திர இலக்கணத்தைக் கொண்டு தத்தம் மந்திரத்தைத் திருத்தி மீண்டும் ஓதினர். தேவதைகள் நல்லுருவில் தோன்றினர். அதன் பின்னரே ஆச்சாரியர் அவர்களுக்கு ஆகமத்தை உபதேசித்தார்.

இங்கே ஆச்சாரியர் சோதித்தது நினைவாற்றலை அன்று. கொடுத்ததைக் கொடுத்தவாறே ஒப்பித்திருந்தால் அவர்கள் தோற்றிருப்பர். ஒலியைக் காக்கும் நாவும், பிழையை உணரும் அறிவும், அதைத் திருத்தும் இலக்கணமும் ஆகிய மூன்றும் உடையவரிடமே ஆகமம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் ஆக்கிய ஷட்கண்டாகமத்தின் முகப்பில் மங்கலமாக நிற்பது நாம் நாள்தோறும் ஓதும் நமோகாரமே. பூதபலி முனிவர் பின்னர்த் தமிழ்நாட்டிற்குச் சென்றார் என்றும் அவ்வுரையே கூறுகிறது.

தத்துவார்த்த சூத்திரம் சுவாத்தியாயத்தை ஐந்தாகப் பகுக்கிறது: வாசனை, பிருச்சனை, அனுப்பிரேட்சை, ஆம்னாயம், தருமோபதேசம். படித்தல், ஐயம் வினவுதல், உள்ளத்தில் எண்ணுதல், பிழையற ஓதிப் பழகுதல், பிறர்க்கு உரைத்தல் என்பன அவை. சேயர்ஸ் அம்மையாரின் மூன்று படிகளோடு இவற்றை ஒப்பிடின், மனப்பாடம் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. வினாவும் வாதமும் இரண்டிலும் உள. வேறுபாடு முடிவில்தான் இருக்கிறது. அங்கே உச்சியில் நிற்பது பிறரை இசைவிக்கும் சொல்வன்மை. நம் நெறியிலோ சுவாத்தியாயம் முழுவதுமே அகத்தவங்களுள் ஒன்று. பிறர்க்கு உரைத்தலும் வினைகளை உதிர்க்கும் தவத்தின் உறுப்பேயன்றி வெற்றிக்குரிய கருவியன்று. கிறிஸ்தவப் பள்ளியாரும் தம் கல்வியின் முடிவு இறைவன்பால் அன்பே என்பர். அவ்விடத்தில் அவர்களும் நாமும் நெருங்கி நிற்கிறோம்.

நம் முன் உள்ள கடமை

மூடபித்திரியில் ஷட்கண்டாகமத்தின் உரைகளைத் தாங்கிய ஓலைச்சுவடிகள் பல நூற்றாண்டுகள் காக்கப்பட்டன. மக்கள் அவற்றைத் தரிசித்து வணங்கினர். படித்தவர் மிகச் சிலரே. ஹீராலால் ஜெயின் அவர்களின் பதிப்பில் முதல் தொகுதி அச்சேறியது 1939ஆம் ஆண்டில்தான். காத்தவர்களின் பக்திக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். அவர்கள் இல்லையேல் அச்சிட ஏடே இருந்திராது. ஆயினும் வணக்கம் மட்டும் நூலை உயிர்ப்பிக்கவில்லை என்பதும் உண்மை.

இதன் மறுபக்கத்தையும் காண்க. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டில் பதிப்பித்தார். ஏடும் உரையும் கையில் இருந்தும் ஜைனக் கருத்துக்கள் அவருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமண இல்லறத்தாரை அணுகியபோதுதான் பொருள் விளங்கிற்று. அவர்கள் கல்லூரிப் பேராசிரியர்கள் அல்லர். வீட்டில் முறையாகப் படித்துக் கேட்டு வந்தவர்கள். ஏடு பல இடங்களில் இருந்தது; பொருள் அவ்வீடுகளில் வாழ்ந்தது. அவ்வீடுகளில் வாசிப்பு நின்று போயிருந்தால், சிந்தாமணி அச்சேறியும் புதிராகவே இருந்திருக்கும்.

பவணந்தி முனிவரின் நன்னூலையும் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டையும் திண்ணைப் பள்ளிகளுக்குத் தந்தது நம் மரபு. தருக்கத்திற்கு நீலகேசியைத் தந்ததும் நம் மரபே. முற்காலக் கல்வெட்டுகளில் சமணர் உறைவிடத்தைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல், இன்று எல்லாப் பிள்ளைகளும் செல்லும் கல்விக்கூடத்தின் பெயராக வழங்குகிறது. அவ்வாறிருக்க, நம் பிள்ளை நமோகாரத்தை ஒலியாக மட்டும் அறிந்து வளர்வது முறையாகுமா?

தமிழில் பொருள் கூறினாலே போதும், பிராகிருதம் எதற்கு என்பாரும் உளர். திவ்வியத்தொனி அவரவர் மொழியில் விளங்கியது என்னும் கொள்கை அவர்கள் பக்கம் நிற்கிறது. ஆகவே தமிழ்ப் பொருள் முதற்கண் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மொழிபெயர்ப்பை மட்டும் பெற்ற பிள்ளை, மொழிபெயர்த்தவர் பிழைத்த இடத்தில் தானும் பிழைக்கும். ஓரெழுத்து மிகுந்ததையும் குறைந்ததையும் கண்டறியச் சிலரேனும் நம்மிடையே வேண்டும். அச்சிலர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதை முன்னரே எவர் அறிவார்? ஆதலின் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாயிலைத் திறந்து வைத்தல் வேண்டும்.

கட்டாயம் ஹிம்சையாகாதா என்னும் ஐயமும் எழும். பிரமாதத்தோடு கூடிய செயலே ஹிம்சை என்பது நம் இலக்கணம். ஊரார் மெச்ச வேண்டும் என்று பிள்ளையை அடித்து ஒப்பிக்கச் செய்வது அவ்வகையில் அடங்கும். நாளுக்கு ஒரு வரி, அதன் பொருள், பிள்ளை கேட்கும் ஒரு வினாவிற்கு விடை என்று மாலைவேளையில் உடனமர்ந்து கற்பிப்பது அடங்காது. விடை தெரியாதபோது, தெரியவில்லை, கேட்டறிந்து சொல்கிறேன் என்று கூறுவதும் பிருச்சனையின் பாடமே. மாறாக, அறிந்ததை மறைத்தலும் அறிய விழைவார்க்கு இடையூறு செய்தலும் ஞானாவரணீய வினைக்கு வாயில்கள் எனச் சூத்திரம் எச்சரிக்கிறது. நம் சோம்பலும் அவ்விடையூறுகளுள் ஒன்றாகிவிடுதல் கூடாது.

கென்டக்கியில் ஒரு குழந்தை தன் பாட்டனும் பேசியறியாத மொழியில் வேற்றுமை வடிவங்களை ஓதிக்கொண்டிருக்கிறது. அதன் பெற்றோர் செய்வதில் குறை உண்டு, நிறையும் உண்டு. பழைய மொழி நாள்தோறும் சிறிது உழைப்பவரிடமே தங்கும் என்பதை அவர்கள் அறிந்து செயற்படுவது அந்நிறை. நாமும் எழுத்தைக் காப்போம், பொருளை வளர்ப்போம், இரண்டையும் ஒன்றாகவே பிள்ளைகளின் கையில் கொடுப்போம். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளில் நடுமணி ஒளிகுன்றாது விளங்குக.

அறம் வளர்க!